மறு: சவாலா, அறைகூவலா? அறிவினா என்று வைத்தால் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

வழங்கி (சர்வர்) ஒரு கேள்வி கேட்டு, வரும் பதிலை வைத்து எதிரில் இருப்பது யார் என்று சரிபார்க்கும் 'சேலஞ்ச்–ரெஸ்பான்ஸ்' முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் மண்டபம் ஊரில் மின்சாரம் வந்து வந்து போனதால் பதில் எழுத முடியவில்லை. அந்த மின்சாரக் கதைக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

> சேலஞ்ச்–ரெஸ்பான்ஸுக்கு அறைகூவல்–மறுமொழி போதுமே, புதிதாக எதற்கு?

டீச்சர், தொண்டியில் எப்படியோ, இங்கே ராமேசுவரம் பக்கம் அறைகூவல் என்றாலே வேலைநிறுத்தம்தான். வழங்கி எழுந்து நின்று 'நாளை யாரும் கடலுக்குப் போகக் கூடாது' என்று சொல்வது போலக் கேட்கிறது. இந்த இடத்தில் வழங்கி யாரோடும் மோதவில்லை. வாசலில் நின்று 'நீ யார்?' என்று கேட்கிறது, அவ்வளவுதான்.

> சவால் என்பதே அரபியில் கேள்விதான். சவால்–ஜவாபு என்று வைத்துவிடலாம்.

காக்கா (அண்ணன்), உங்கள் யோசனையை நான் இரண்டு நாள் மனதில் போட்டுப் புரட்டினேன். சவால், ஜவாபு இரண்டும் உருது வழியாக வந்த அரபிச் சொற்கள், முதலில் அவற்றின் பொருள் கேள்வி, பதில் என்பதெல்லாம் சரி. இசுலாமியத் தமிழில் கேள்வியும் பதிலுமாக எழுதிய நூல்களுக்கு மசலா என்று பெயர், அதுவும் சவாலின் வேர்தான் என்பதைக் கீழக்கரைக்காரரான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இன்றைக்குச் சவால் 'விடுகிற' ஒன்றாகிவிட்டது. 'முடிஞ்சா செஞ்சு பார்' என்ற பொருள்தான் முதலில் காதில் விழுகிறது. அந்தப் பொருள் என்னை ஒரு முறை கவிழ்த்தே விட்டது.

ஒரு மீன் கம்பெனியின் எடைத் தராசிலிருந்து கணக்கு நேராகக் கணினிக்குப் போக ஒரு சின்ன வழங்கி எழுதிக் கொடுத்திருந்தேன். தராசுதான் கிளையன்ட். (அந்தச் சொல்லுக்கான சண்டையே இன்னும் முடியாததால் கிளையன்ட் என்றே எழுதுகிறேன்.) கடவுச்சொல் கம்பியில் போகக் கூடாது. அதனால் வழங்கி ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) அனுப்பும். தராசு அந்தச் சரத்தையும் தன்னிடமுள்ள ரகசியத்தையும் சேர்த்து ஹெச்மேக் கணக்கு (ரகசியச் சாவியோடு போடும் ஹாஷ், அதாவது தரவைத் திரும்ப எடுக்க முடியாத ஒரு முத்திரையாக மாற்றும் கணக்கு) போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். வழங்கியும் அதே கணக்கைப் போட்டு இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2195 என்ற இணைய நெறிமுறை ஆவணம் மின்னஞ்சலுக்குச் சொன்ன வழியும் ஏறக்குறைய இதுதான். அதில் ஹாஷ் எம்டி5, நான் போட்டது ஷா-256.

'சவால்' என்று மனதில் இருந்ததால் விடையைக் கடினமாக்குவதிலேயே குறியாக இருந்தேன். நீளமான சாவி, நல்ல ஹாஷ், ஒப்பிடும்போது எத்தனை எழுத்து சரி என்பது நேரத்தை வைத்துக் கசியாத ஒப்பீடு, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். கேள்வியைக் கவனிக்கவில்லை. வழங்கி ஓடும் போர்டில் கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் அதற்கு அன்று 1970 ஜனவரி 1. இணையம் வந்து நேரத்தைத் திருத்துவதற்கு முன்பே என் நிரல் ஓடத் தொடங்கிவிடும். அந்தச் சரத்துக்கான தற்செயல் எண்ணுக்கு விதையாக (எண் வரிசை தொடங்கும் மதிப்பாக) நான் கொடுத்தது அந்தக் கடிகார நேரத்தைத்தான். ஆக, ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் பெரும்பாலும் அதே சரங்கள், அதே வரிசையில்!

கம்பெனியில் கணினி படிக்கிற பையன் ஒருவன் போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்திருந்து, பழைய விடையையே அனுப்பி உள்ளே போய்விட்டான். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி ஒரு வள்ளம்கூட இறங்காத நாளில் கணக்கில் 40 கிலோ நண்டு ஏறியிருந்தது. நல்ல பையன், அவனே வந்து சொன்னான்.

'வினா' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தால் இந்தத் தப்பு எனக்குச் சட்டென்று பட்டிருக்கும். போன வருட வினாத்தாளையே யாராவது இந்த வருடமும் கொடுப்பார்களா?

வெறும் வினா போதாது, வலையமைப்பில் எல்லாமே கேட்பதும் சொல்வதும்தான். பள்ளியில் ஒப்பித்த அறுவகை வினாவை எடுத்துப் பாருங்கள். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இதில் முதலாவது, தனக்கு விடை தெரிந்திருந்தும் எதிராளிக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது. வழங்கி செய்வது அச்சாக அதுதான். ஆக சேலஞ்ச் அறிவினா, ரெஸ்பான்ஸ் விடை, முழு முறையும் அறிவினாச் சரிபார்ப்பு. 'உங்கள் அம்மாவின் ஊர் எது?' என்று வங்கி கேட்பதும் அறிவினாதானே என்று டீச்சர் மடக்குவார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே விடையே ரகசியம், இங்கே விடை ரகசியத்திலிருந்து பிறப்பது. அதைப் பாதுகாப்புக் கேள்வி என்றே விட்டுவிடுவோம்.

இனி நான்ஸ். அது அறிவினாவுக்குள் போகும், ஒரே ஒரு முறைக்கான எண். விசைப்படகு கடலுக்குப் போக மீன்துறை கொடுக்கும் டோக்கன் மாதிரி, இந்தத் தடவைக்கு வாங்கியது அடுத்த தடவைக்கு ஆகாது. டோக்கன் என்ற பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டதால் 'ஒருமுறை எண்' என்கிறேன். இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

பைத்தான் நிரல்மொழியின் மல்டிபிராசசிங் நூலகத்தில் வழங்கி கேட்டு முடித்ததும் கிளையன்ட் திருப்பிக் கேட்கும், வழங்கி பதில் சொல்ல வேண்டும். இந்த இருவழிச் சரிபார்ப்புக்கு, இலக்கணம் சொல்லும் விடை வகைகளில் ஒன்றான 'வினா எதிர் வினாதல்' என்று ஆசையாக எழுதி, பிறகு அடித்துவிட்டேன். 'வருவாயா?' என்றால் 'வராமல் இருப்பேனா?' என்பதில் எதிர்வினாவே விடை. இங்கே விடை வேறு, எதிர்வினா வேறு. 'எதிர் அறிவினா' போதும் என்று நினைக்கிறேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. விதையை இயங்குதளத்தின் தற்செயல் மூலத்துக்கு மாற்றி, ஒரு அறிவினாவுக்கு ஒரே விடை, 30 நொடி ஆயுள் என்று திருத்தியதும், திரையில் 'அறிவினா காலாவதியானது' என்று ஒரு செய்தியும் போட்டேன். கம்பெனிக் கணக்குப்பிள்ளை கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, 'அறிவில்லான்னு யாரைத் தம்பி சொல்லுது இது?' என்று கேட்டார். அதனால் தராசுத் திரையில் இப்போது 'வினா காலாவதியானது' என்றுதான் வருகிறது. நிரலிலும் கையேட்டிலும் அறிவினாவை எடுக்கவில்லை.