பாடல் நின்ற பிறகும் செயலியை விடாத பல்ஸ்ஆடியோ

கேள்வி:
என் லினக்ஸ் மடிக்கணினியில் பாடல் ஒலிக்கும்போதெல்லாம் ஒலியைக் கையாளும் நிரலான பல்ஸ்ஆடியோ 28 சதவீதம் வரை செயலியை (சிபியு) எடுத்துக்கொள்வதாக, நிரல்களின் சுமையைப் பட்டியலிடும் 'டாப்' கட்டளை காட்டுகிறது. பாடலை நிறுத்தினாலும் அது 5 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை, விசிறியும் ஓயவில்லை. ஒலியட்டையை ஏற்றும் வரியில் 'டீஷெட்=0' என்று சேர்க்குமாறு பலர் எழுதியிருக்கிறார்கள். சேர்க்கலாமா?

மறுமொழி 1:
இப்போதைக்கு வேண்டாம். அதைச் சேர்த்தால் டைமரை வைத்து இயங்கும் முறை நின்று, ஒலியட்டை அனுப்பும் குறுக்கீடுகளை (இன்டரப்ட்) நம்பும் பழைய முறை வந்துவிடும். ஒலி விட்டுவிட்டுக் கேட்பவர்களுக்குத்தான் அது உதவும். 'டாப்' காட்டும் கணக்கில் 100 என்பது செயலியின் ஒரு கோர் மட்டுமே, என்றாலும் பாடல் கேட்பதற்கு 28 மிக அதிகம். பாடல் ஒலிக்கும்போது முனையத்தில் 'பிஏசிடிஎல் லிஸ்ட் சிங்க்-இன்புட்ஸ்' கட்டளையை இயக்கி, மாதிரி வீதமும் (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள்) ரீசாம்பிள் முறையும் (ஒரு வீதத்தை இன்னொன்றாக மாற்றும் முறை) என்னவென்று சொல்லுங்கள்.

கேட்டவர்:
பாடல் 44100, ஒலியட்டை 48000, முறை 'ஸ்பீக்ஸ்-ஃப்ளோட்-10'. அந்த 48000, 10 இரண்டுமே என் கைவேலைதான்; ஒலி துல்லியமாகும் என்று எங்கோ படித்துவிட்டு பல்ஸ்ஆடியோவின் அமைப்புக் கோப்பான 'டீமன்.கான்ஃப்'-இல் மாற்றியதை மறந்தே போனேன்.

மறுமொழி 1:
காரணம் அதுவே. பாடலின் ஒவ்வொரு 147 மாதிரிகளுக்கும் 160 புதிய மாதிரிகளைக் கணக்கிட்டால்தான் 44100 என்பது 48000 ஆகும். ஸ்பீக்ஸ் என்ற ரீசாம்பிள் முறையின் தரம் 0 முதல் 10 வரை. எண் கூடக்கூட வடிகட்டி நீண்டு, ஒவ்வொரு மாதிரிக்கும் செய்ய வேண்டிய பெருக்கல்களும் பெருகும். இயல்பு மதிப்பான 1-க்கும் 10-க்கும் உள்ள வேறுபாட்டை மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் கேட்டுணர்வது கடினம் என்பது என் கருத்து. நீங்கள் மாற்றிய இரண்டு வரிகளின் முன்னும் அரைப்புள்ளி இட்டு முடக்கிவிட்டு, பல்ஸ்ஆடியோவை மறுதொடக்கம் செய்யுங்கள். இயல்பு வீதம் 44100 ஆகிவிடும் என்பதால், பாடல் மாற்றமின்றியே ஒலியட்டைக்குப் போகும். ஆனால் வேறொரு நிரல் ஒலியட்டையை ஏற்கெனவே 48000-இல் திறந்து வைத்திருந்தால் வீத மாற்றம் நடந்தே தீரும்.

மறுமொழி 2:
மீதமுள்ள 5 சதவீதத்துக்குக் காரணம் வேறாக இருக்கும். ஒலி ஏதும் இல்லாதபோது சில நொடிகளில் ஒலியட்டை உறங்கப் போக வேண்டும். 'பிஏசிடிஎல் லிஸ்ட் ஷார்ட் சிங்க்ஸ்' இட்டால், வரியின் கடைசியில் 'சஸ்பெண்டட்' என வருகிறதா? வராவிட்டால் யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். உலாவியின் தாவலோ, எதிரொலி நீக்கும் மாட்யூலோ இருக்கலாம். பல்ஸ்ஆடியோவின் ஒலியளவை மாற்ற உதவும் பேவுகன்ட்ரோல் நிரலின் சாளரம் திறந்திருந்தாலும் அதன் அளவுமானிகள் ஒலியைத் தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்கும்.

கேட்டவர்:
பாடலின்போது இப்போது 4 சதவீதம்தான். பேவுகன்ட்ரோல் இரண்டாவது பணித்தளத்தில் காலையிலிருந்து திறந்தே கிடந்தது; மூடிய சில நொடிகளில் 'சஸ்பெண்டட்' வந்து, பட்டியலின் மேல்வரிகளிலிருந்தே பல்ஸ்ஆடியோ மறைந்துவிட்டது. டீஷெட்டைத் தொடவில்லை.