திருமணத்துக்கு நான்கு நாள், முகத்தில் திடீர்ப் பரு: தொடலாமா, விடலாமா?

மழைத்துளி (செவ்வாய் இரவு)
சனிக்கிழமை எனக்குத் திருமணம். போன வாரம் வரை முகம் நன்றாகத்தான் இருந்தது. நேற்றுக் காலை பல் துலக்கும்போது கண்ணாடியில் பார்க்கிறேன், தாடை ஓரமாக ஐந்தாறு சின்னப் பரு. வலது கன்னத்தில் ஒன்று மட்டும் முனையே இல்லாமல் தோலுக்கடியில் கல் மாதிரி இருக்கிறது. தலையணையில் அந்தப் பக்கம் வைத்துப் படுக்க முடியவில்லை. அம்மா கையை வைக்காதே என்கிறார். தோழி வெந்நீர்த் துணி வைத்து ஒரே அமுக்கு அமுக்கு, வற்றிவிடும் என்கிறாள். வீட்டில் பெட்டாமெத்தசோன் க்ரீம் (அரிப்பு, வீக்கத்துக்குப் பூசும் ஸ்டீராய்டு) வேறு இருக்கிறது. நேற்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. என்ன செய்யட்டும்?

நீலக்குடை
அம்மா சொல்வதைக் கேளுங்கள் தோழி. முனையில்லாத பருவில் சீழ் வெளியே வர வழியே கிடையாது. அமுக்கினால் உள்ளே இருக்கும் பை உடைந்து பக்கத்துச் சதைக்குள் பரவும், வீக்கம் இரண்டு மடங்காகும். என் பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய இரவு இதைத்தான் செய்தேன். காலையில் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. வீக்கம் ஒரு வாரத்தில் போனது, கறுப்புத் தழும்பு மறைய ஐந்து மாதமானது. நம் மாதிரி மாநிறத் தோலில் புண்ணைவிட அது விட்டுப்போகும் கறைதான் அதிக நாள் நிற்கும்.

ஐஸ் கட்டியை மெல்லிய துணியில் சுற்றி ஓரிரு நிமிடம் ஒற்றுங்கள், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. வேறு எதுவும் வேண்டாம்.

கடலோரம்
நீலக்குடை, உங்களுக்கு நடந்ததை நம்புகிறேன். ஆனால் நான்கு நாளில் மேடை ஏறப் போகிறவரிடம் "ஐஸ் வைத்துவிட்டுச் சும்மா இரு" என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்தக் கல் மாதிரிப் பரு தானாக வற்ற இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். சனிக்கிழமை காத்திருக்காது.

மழைத்துளி, நாளைக்கே தோல் டாக்டரிடம் போங்கள். ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை நீர்த்துப்போகச் செய்து, மெல்லிய ஊசியால் அந்தப் பருவுக்குள்ளேயே துளியூண்டு செலுத்துவார்கள். ஒன்று முதல் மூன்று நாளில் வீக்கம் இறங்கும். என் அண்ணன் திருமணத்துக்கு நான் போட்டுக்கொண்டேன். மறுநாள் சாயங்காலமே வலி போய்விட்டது.

நீலக்குடை
அந்த ஊசியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் சகோ. மருந்து கொஞ்சம் கூடினால் அந்த இடம் குழி விழும், சில பேருக்கு வெளுத்தும் போகும். ஒரு நாள் போட்டோவுக்காக கன்னத்தில் குழியா?

கடலோரம்
குழி விழலாம் என்பது உண்மை. பெரும்பாலும் சில மாதத்தில் அது தானாக நிரம்பிவிடும். மருந்தின் வீரியம் குறைவாக இருந்தால் வாய்ப்பும் குறைவு. போடும் முன் டாக்டரிடம் இதையே கேளுங்கள். ஆனால் "ஒரு நாள் போட்டோ" என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் போட்டோவை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்க்கப் போகிறார்.

மழைத்துளி
ஒரு சந்தேகம். ஊசியும் ஸ்டீராய்டு என்கிறீர்கள், வீட்டில் இருக்கும் க்ரீமும் ஸ்டீராய்டுதான். அப்புறம் க்ரீமையே பூசினால் என்ன?

கடலோரம்
அதை மட்டும் செய்யாதீர்கள். இதில் நானும் நீலக்குடையும் ஒரே கட்சிதான். ஊசி ஒரே ஒரு பருவுக்குள், ஒரே ஒரு தடவை. க்ரீம் முகத்தில் பரவும், முகத்துத் தோல் மெல்லியது என்பதால் அதிகம் உறிஞ்சும். இரண்டு நாள் சிவப்பு அடங்கியதுபோலத் தெரியும். அதை நம்பித் தொடர்ந்து பூசுகிறவர்களுக்குத் தோல் மெலிந்து, ஸ்டீராய்டே புதுப் பருவைக் கிளப்பும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

நீலக்குடை
ஆமாம். பற்பசை, எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா இதெல்லாமும் கூடாது. இன்னொரு கேள்வி: சின்னதாக, ஒரே மாதிரி ஐந்தாறு சேர்ந்து வந்திருக்கிறதே, புதிதாக எதையாவது பூசினீர்களா?

ஒப்பனைப்பெட்டி
நான் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். வாதம் எப்படிப் போனாலும் நாற்காலியில் என் முன்னால் உட்காரும்போது நான் பார்ப்பதைச் சொல்கிறேன். நிறத்தை என்னால் மறைக்க முடியும். மேட்டை முடியாது. பக்கவாட்டு விளக்கு விழுந்ததும் மேட்டுக்குப் பின்னால் நிழல் நிற்கும். அதைவிட எனக்குப் பயம், காய்ந்து உரியும் தோல். போன மாதம் ஒரு பெண் மூன்று நாளாக மருந்து மேல் மருந்து பூசிப் பருவை அடக்கிவிட்டு வந்தாள். பரு இல்லை. ஆனால் ஃபவுண்டேஷன் வைத்த பத்தாவது நிமிடம், மூக்கோரத்திலிருந்து வாய் வரை மீன் செதிள் மாதிரி எழும்பிக்கொண்டது. துடைத்து, ஈரப்பசை ஏற்றி, திரும்பப் போட முக்கால் மணி நேரம் ஆனது. அவள் அழாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலையாக இருந்தது.

அதனால் பென்சாயில் பெராக்சைடு என்ற பரு மருந்தைப் பூசுவதாக இருந்தால் 2.5 சதவீதமே போதும். 10 சதவீதத்தில் பலன் பெரிதாகக் கூடாது, எரிச்சல்தான் கூடும். துணியில் பட்டால் சாயத்தை வெளுத்துவிடும், பட்டுப்புடவைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வெள்ளை முனை வந்த பருவுக்கு இரவில் ஹைட்ரோகொல்லாய்ட் பேட்ச் (பரு மேல் ஒட்டும் சின்ன ஸ்டிக்கர்) ஒட்டுங்கள், கசிவை உறிஞ்சும், விரலையும் தடுக்கும். கல் மாதிரி இருப்பதற்கு அது உதவாது. நான்கு நாளுக்குள் ஃபேஷியல் செய்ய யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

மழைத்துளி
நீலக்குடை, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். பத்து நாள் முன்னால், மணநாளுக்கு முகம் பளபளக்க வேண்டும் என்று ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) சீரம் ஆரம்பித்தேன். தினமும் இரவில் பூசினேன்.

நீலக்குடை
அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு. ரெட்டினால் ஆரம்பித்த முதல் சில வாரத்தில் உள்ளே அடைபட்டிருப்பது வேகமாக மேலே வரும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். இன்றே நிறுத்துங்கள். அரிப்பு அதிகமாக இருந்தால் பருவே அல்லாமல் ஒவ்வாமையாகவும் இருக்கலாம், டாக்டரிடம் அந்த சீரம் புட்டியையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். உதடு, கண் இமை வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

மழைத்துளி (வியாழன் காலை)
நேற்று டாக்டரைப் பார்த்தேன். சீரத்தை நிறுத்தச் சொன்னார். சின்னப் பருக்களில் கை வைக்கவே இல்லை. குழி விழும் விஷயத்தைக் கேட்டேன். வாய்ப்பு உண்டு, குறைந்த வீரியத்தில்தான் போடுவேன், வேண்டுமா வேண்டாமா என்று நீயே சொல் என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றேன். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. இன்று பாதி இறங்கியிருக்கிறது. நேற்றிரவு அந்தக் கன்னத்தை வைத்தே தூங்கினேன்.

நீலக்குடை
நானாக இருந்தால் இப்போதும் ஊசிக்குச் சம்மதித்திருக்க மாட்டேன். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு போட்டீர்கள், அது போதும். நன்றாகத் தூங்குங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த இடம் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் இங்கே எழுதுங்கள்.