ரோமர் 6:17 "மனப்பூர்வமாய்"னா என்ன? மனசே இல்லாம கீழ்ப்படிஞ்சா கணக்குல வருமா?

நெல்லைப்பையன்_91:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னிக்கிதான் மொத தடவ எழுதுறேன். பொறந்ததுலருந்து சிஎஸ்ஐ, குழந்தை ஞானஸ்நானம், சண்டே ஸ்கூல், திடப்படுத்தல் எல்லாம் வரிசையா ஆச்சு. ஒரு மூணு வருஷமா போன்ல காசு வச்சு ரம்மி ஆடுற பழக்கம். பெரிய கடன்னு ஒண்ணும் இல்ல ஆனா சம்பளம் வந்த அன்னிக்கே கை அரிக்கும், வீட்ல கேட்டா ஆபீஸ் வேலைன்னு பொய் வேற. இந்த லெந்துல (ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற 40 நாள் உபவாச காலம்) மொத நாளான சாம்பல் புதன்லருந்து தொடவே இல்ல, ஞாயித்துக்கெழம கணக்குல வராதுன்னு கூட சாக்கு சொல்லல. ஈஸ்டர் அன்னிக்கி விடியக்காலை ஆராதனைக்குப் போயிட்டு வந்து, கறிச்சோறு சாப்ட்டு படுத்து, எந்திரிச்ச ஒடனே மொத வேலையா ஆப்பைத் தொறந்தேன். அப்போ அந்த 40 நாளும் நான் கீழ்ப்படிஞ்சேனா, இல்ல சும்மா காத்துக்கிட்டு இருந்தேனா?

போன வாரம் எங்க ஐயரு (சர்ச் போதகர்) ரோமர் 6:17 எடுத்துப் பிரசங்கம் பண்ணாங்க, "உங்களுக்கு ஒப்புவிக்கப்பட்ட உபதேசச் சட்டத்திற்கு நீங்கள் மனப்பூர்வமாய்க் கீழ்ப்படிந்ததினாலே"ன்னு. அடுத்த வசனத்துலயே பாவத்தினின்று விடுதலையாக்கப்பட்டீங்கன்னு வருது. எனக்கு மனப்பூர்வமும் இல்ல, விடுதலையும் இல்ல. மனசு இல்லாம பல்லக் கடிச்சிட்டு கீழ்ப்படிஞ்சா அது மாய்மாலம் தானே? அதுக்கு சும்மாவே இருந்துடலாமோன்னு தோணுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேதவாசகன்:
பிரதர் நேரா சொல்றேன், 1 யோவான் 3:9 வாசிங்க. தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான். திரும்பத் திரும்ப செய்றீங்கன்னா இன்னும் இரட்சிக்கப்படலன்னு அர்த்தம். மொதல்ல மனந்திரும்புங்க, மத்த ஆராய்ச்சி எல்லாம் அப்புறம்.

மேல்வரி:
வேதவாசகன் பிரதர், அதே நிருபத்துல ரெண்டு அதிகாரம் முன்னாடி 1:8ல "நமக்குப் பாவமில்லையென்போமானால் நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்"னு அதே யோவான்தான் எழுதிருக்காரு. ரெண்டையும் சேத்து வாசிக்கணும், ஒண்ண எடுத்து கல்லு மாதிரி எறியக் கூடாது.

தம்பி, நீங்க கேட்டதுக்கு வர்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க, வாத்தியார் வேல பாத்தவன். "மனப்பூர்வமாய்"ங்கிற வார்த்தையக் கேட்ட ஒடனே நாம கண்ணீரு, புல்லரிப்பு, கன்வென்ஷன் கடைசி நாள் பாட்டு இதெல்லாம் நெனச்சுக்கறோம். ஆனா தமிழ்ல அந்த வார்த்தைய வேற எங்க பாத்திருக்கீங்க? பத்திரத்துல! "மனப்பூர்வமாய் சம்மதித்து எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம்". அன்னிக்கி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நிலத்த விக்கிறவனுக்கு உள்ளுக்குள்ள அழுகையாக் கூட இருக்கும், தாத்தா காலத்து நிலமாச்சே. ஆனாலும் யாரும் மெரட்டி வாங்கல, அவனாத்தான் கையெழுத்துப் போடுறான். அதுதான் மனப்பூர்வம். கிரேக்கத்துல இருக்கிறதும் "இருதயத்திலிருந்து"ன்னுதான், யூத வழக்குல இருதயம்னா உணர்ச்சி மட்டும் இல்ல, யோசிக்கிறதும் முடிவெடுக்கிறதும் அங்கதான் நடக்குது. அதனால நீங்க 40 நாள் பல்லக் கடிச்சதும் உங்க முடிவுதான், மாய்மாலம்னு சொல்ல மாட்டேன். மாய்மாலம்னா ஆடிக்கிட்டே ஆடலன்னு சொல்றது (வீட்ல சொன்ன அந்தப் பொய் வேணா அதுல வரும்).

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம். "உபதேசச் சட்டத்திற்கு"ன்னு இருக்குல்ல, கோர்ட்டு சட்டம்னு நெனச்சுடாதீங்க. கிரேக்க வார்த்தை டுபோஸ். அச்சு, தடம், மாதிரின்னு அர்த்தம், இயேசுவோட சீஷன் தோமா "ஆணிகளினாலுண்டான காயம்"னு சொல்ற எடத்துலயும் அதே வார்த்தைதான். பழைய தமிழ்ல சட்டம்னாலும் அதுதான், போட்டோவுக்குப் போடுற மரச்சட்டம் ஒண்ணு, அப்புறம் திண்ணைப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் எழுதிக் குடுக்க புள்ளைங்க பாத்து எழுதுற மேல்வரிச் சட்டம் (என் பேரு எங்கருந்து வந்துச்சுன்னு இப்ப தெரிஞ்சிருக்கும்). பாத்து எழுதுற புள்ளைக்கு மொத நாளே கையெழுத்து அழகா வந்துடாது, கோணலாத்தான் வரும். இன்னொண்ணு, நம்ம பழைய மொழிபெயர்ப்புல "உங்களுக்கு ஒப்புவிக்கப்பட்ட" உபதேசம்னு இருக்கு. கிரேக்கத்துல அது தலைகீழ். உபதேசம் உங்க கையில குடுக்கப்படல, நீங்கதான் உபதேசத்துக்கிட்ட ஒப்புவிக்கப்பட்டீங்க, ஒரு அடிமைய பழைய எஜமான்கிட்டருந்து புது எஜமான்கிட்ட கை மாத்துற மாதிரி.

பவுல் இத ஏறக்குறைய கி.பி. 57ல கொரிந்துலருந்து ரோமாபுரிக்கு எழுதுறாரு. 16ஆம் அதிகாரத்துல அரிஸ்தொபூலுவின் வீட்டார், நர்கீசுவின் வீட்டார்னு வாழ்த்து சொல்றாரே, அவங்க அந்தந்த வீட்டு அடிமைகளும் விடுதலை வாங்குனவங்களுமா இருக்கும்னு நெறைய அறிஞர்கள் சொல்றாங்க. அடிமைன்னா என்னன்னு அவங்களுக்கு யாரும் வெளக்க வேண்டாம். அந்தக் காலத்து விடுதலையும் நாம நெனக்கிற மாதிரி இல்ல. கிரேக்க நாட்டு டெல்பியில அடிமை விடுதலை பத்தி ஆயிரத்துக்கு மேல கல்வெட்டு கெடச்சிருக்கு, அதுல நெறையத்துல "உனக்கு விடுதலை, ஆனா பழைய எஜமான் சாகுற வரைக்கும் அவன் கூடவே இருந்து வேல செய்யணும்"னு ஒரு கண்டிஷன் இருக்கும். இந்தப் பக்கம் விடுதலை, அந்தப் பக்கம் அதே அடுப்படி. பவுல் சொல்றதுல அந்த கண்டிஷன் கெடையாது. எஜமான் மாறியாச்சு, பழையவனுக்கு இனி உங்க மேல பாத்தியதை இல்ல. அவன் தெருவுல நின்னு கூப்டுவான், காது கேக்கத்தான் செய்யும், பழகுன கொரல் ஆச்சே. கூப்டுறது கேக்குதுங்கிறதாலயே நீங்க அவன் ஆளு ஆயிட மாட்டீங்க.

மார்த்தாள்_அடுப்படி:
ஐயா நல்லா எழுதிருக்கீங்க, ஆனா தம்பி கேட்டது கிரேக்கம் இல்ல 😀 எனக்கு தெரிஞ்சத சொல்றேன். மத்தேயு 21ல ரெண்டு மகன், ஒருத்தன் "மாட்டேன்"னுட்டு அப்புறம் மனஸ்தாபப்பட்டு தோட்டத்துக்குப் போனான், ஒருத்தன் "போகிறேன் ஐயா"ன்னுட்டு போகல. ஏசு எவன் நல்லா ஃபீல் பண்ணான்னா கேட்டாரு? எவன் போனான்னு தான். அதே சமயம் லூக்கா 15ல கெட்ட குமாரன் கதையில மூத்தவன் இருக்கானே, அவன் இத்தன வருஷமா ஒரு கற்பனையும் மீறல, ஆனா ஓடிப்போன அவன் தம்பி திரும்பி வந்ததும் ஆட்டுக்குட்டி கணக்கு பாக்குறான், வாசல்லயே நிக்கிறான் உள்ள வர மாட்டேங்குறான். நானும் ரொம்ப நாள் அப்டித்தான் இருந்தேன், உபவாசம் ஜெபம் எல்லாம் கரெக்டா பண்ணிட்டு என் ஓரகத்திய மட்டும் மன்னிக்க மாட்டேன். அதனால தம்பி 40 நாள் விட்டது வேஸ்ட் இல்ல, ஆனா 41வது நாள் என்ன பண்ணப் போறோம்னு யாருகிட்டயாவது முன்னாடியே சொல்லி வச்சிருக்கணும். நீங்க தனியாவே பண்ணிருக்கீங்க. வீட்ல சொல்லிட்டீங்களா இல்லியா? அத மொதல்ல சொல்லுங்க.

மேல்வரி:
சிஸ்டர் அந்த மூத்தவன் "ஊழியஞ்செய்து"ன்னு சொல்றானே, அங்க இருக்கிறது அடிமையா வேல செய்றதுக்கு உள்ள வார்த்தை. மகனா இருந்துக்கிட்டே அடிமை மாதிரி பேசுறான். சரி, கிரேக்கத்த இத்தோட நிறுத்திக்கிறேன்.

பழைய_பாமாலை:
லேட்டா வர்றேன். அமேசிங் கிரேஸ் பாட்டு எழுதுன ஜான் நியூட்டன எல்லாரும் சாட்சிக்கு இழுப்பாங்க, புயல்ல மாட்டினாரு, மனந்திரும்புனாரு, பாட்டு எழுதினாருன்னு. நடுவுல இருக்கிறத யாரும் சொல்ல மாட்டாங்க. புயல் 1748ல. அதுக்கப்புறம்தான் அவரு அடிமைக் கப்பலுக்கு கேப்டனே ஆனாரு, 1754 வரைக்கும் கடல்ல போனாரு, அதுவும் உடம்பு முடியாமத்தான் நிறுத்துனாரு. அந்த வியாபாரத்துக்கு எதிரா வெளிப்படையா புத்தகம் போட்டது 1788, கிட்டத்தட்ட 40 வருஷம்! இத சாக்கா எடுத்துக்காதீங்க தம்பி, அந்த 40 வருஷத்துல கப்பலோட அடித்தட்டுல கெடந்தவங்களுக்கு அவரோட மனந்திரும்புதலால என்ன லாபம். அவருக்கே அது தெரிஞ்சிருந்துச்சு, அந்தப் புத்தகத்துல தன் பங்க மறைக்காம ஒத்துக்கிட்டாரு. ஒடனே விட வேண்டியத ஒடனே விடுங்க, மனசு பின்னாடி வரட்டும்.

வேதவாசகன்:
மொதல்ல நான் கொஞ்சம் கடுமையா எழுதிட்டேன் போல. எங்க அண்ணன் இதே மாதிரி சீட்டாட்டத்துல வீட்டையே வித்தாரு, அந்த வேகத்துல வந்துடுச்சு. தம்பி தப்பா எடுத்துக்காதீங்க, ஜெபத்துல வச்சிருக்கேன்.

நெல்லைப்பையன்_91:
எல்லாருக்கும் நன்றி. அந்த பத்திரம் மேட்டர் நைட்டெல்லாம் மண்டைக்குள்ள ஓடுச்சு. மார்த்தாள் அக்கா, நேத்து வீட்ல அவகிட்ட சொல்லிட்டேன், ஒரு மணி நேரம் பேசவே இல்ல, அப்புறம் மொத்தம் எவ்ளோ போச்சுன்னு கேட்டா, சொன்னேன், மறுபடியும் பேசல. காலைல டீ வந்துச்சு. ஆப்பை அவ முன்னாடியே அழிச்சிட்டேன். ஒரே ஒரு டவுட், அதுல 340 ரூபா கெடக்கு, எடுக்கணும்னா திரும்ப இன்ஸ்டால் பண்ணணும். எடுத்து காணிக்கைல போட்டுடலாமான்னு...

மார்த்தாள்_அடுப்படி:
தம்பி. 340 ரூபா. விட்டுடுங்க.

நெல்லைப்பையன்_91:
சரிக்கா 🙏