மகன் அணைக்கச் சொல்லிக் கேட்டாலும் மனசு அசையவில்லை, யாருக்காவது இப்படி இருந்ததா?

நீலவானம்:
என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம், பேச்சு இன்னும் வரவில்லை. நடுராத்திரி எழுந்தால் விடியும்வரை தூங்க மாட்டான். விழித்திருக்கும்போது நகத்தைத் தொடவிட மாட்டான் என்பதால், அசந்து தூங்கும்போது செல்போன் வெளிச்சத்தில் இன்றைக்கு ரெண்டு விரல், நாளைக்கு ரெண்டு விரல் என்று வெட்டுகிறேன். இதெல்லாம் பழகிவிட்டது. நான் கேட்க வந்தது வேறு. கொஞ்ச நாளாக அவன் 'கட்டிப்பிடி' பட அட்டையை நீட்டினால் என் கைதான் அணைக்கிறது, மனசு அசைவதில்லை. முன்பெல்லாம் அவன் அந்த அட்டையைத் தேடி எடுத்தாலே எனக்குக் கண் கலங்கும். இப்போது அழுகையும் வரவில்லை. பாசமே வற்றிவிட்டதா?

பாலைமரம்:
இல்லை சகோதரி, இதன் பெயர் பர்ன்அவுட், அதாவது ஓய்வில்லாமல் பார்த்துக்கொண்டதில் உடம்பும் மனசும் தீர்ந்துபோவது. பெல்ஜியத்தைச் சேர்ந்த இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பெற்றோருக்கு வரும் பர்ன்அவுட்டை அளக்க 2018இல் 23 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். அசதி, சலிப்பு இரண்டோடு, பிள்ளையிடமிருந்து மனசு விலகுவதையும் 'முன்பிருந்த அம்மா நான் இல்லை' என்று தோன்றுவதையும் அதில் கேட்கிறார்கள். நீங்கள் எழுதியிருப்பது அதேதான்.

எனக்கும் மகளிடம் இப்படி ஆனது. தூக்கம் திரும்பிய பிறகுதான் நான் பழையபடி ஆனேன். நானும் மனைவியும் ராத்திரியை முறை போட்டுக்கொண்டோம். முறை இல்லாதவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். கூப்பிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுப்பது தூக்கமே இல்லை. பையனின் தூக்கத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். பல்வலி, மலச்சிக்கல், வலிப்பு எதுவானாலும் பேச வராத பிள்ளையால் சொல்ல முடியாது. 'ஆட்டிசம் என்றால் அப்படித்தான்' என்று யாராவது முடித்துவிட்டால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

தனித்தாய்:
முறை போட ஆள் இல்லாதவள் நான். தங்கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினேன். மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் கட்டுமீறி அழுது கத்துவது) வந்தால் திட்டாதே, விளக்கை அணை, பேச்சைக் குறை, பக்கத்திலேயே இரு என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். 'உங்களுக்கு எவ்வளவு பொறுமை!' என்று புகழ்கிறவர்களிடம் இப்போது ஒரு மணி நேரம் பிள்ளையோடு இருக்க முடியுமா என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் தோழி: எங்காவது ஓடிவிடலாம், அவனை ஏதாவது செய்துவிடுவேனோ என்றெல்லாம் தோன்றினால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கூழாங்கல்:
நானே ஆட்டிசம் உள்ளவன், வளர்ந்தவன். சின்ன வயதில் அணைப்பில் எனக்கு வேண்டியிருந்தது அந்த அழுத்தம்தான். உங்கள் மகனும் அப்படியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அட்டையை நீட்டுகிறான், கேட்டது கிடைக்கிறது. அது அவனுக்குப் பெரிய விஷயம். மனசு வரும்வரை கையே போதும்.

நீலவானம்:
எல்லாவற்றையும் கணவரிடம் படித்துக் காட்டினேன். நாளை முதல் ராத்திரி முறை. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் அழுதால் எப்படிப் படுத்திருந்தீர்கள், பாலைமரம்?

பாலைமரம்:
முதலில் முடியவில்லைதான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன், மின்விசிறியை முழு வேகத்தில் விட்டேன். உள்ளே இருப்பது அவனுடைய அப்பா. அவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் தூங்குங்கள்.