விறகடுப்புப் புகையும் கரையான் ஏறிய பனங்கையும்: யோசனை சொல்லுங்கள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீட்டில் இருக்கிறோம். கேஸ் உண்டு. ஆனாலும் விறகடுப்பில் போட்ட வெந்நீரில் குளித்தால்தான் அப்பாவுக்குக் குளித்த மாதிரி இருக்கும். மார்கழியில் பூனை உட்பட எல்லாருக்கும் அடுப்பங்கரைதான் கதி.

எரிப்பது சீமைக்கருவேலம். நன்றாகக் காய்ந்தால் நின்று எரியும், கங்கும் நெடுநேரம் கிடக்கும். இந்த வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் வெட்டிக் காயப்போடத் தவறிவிட்டேன். பச்சை விறகின் சூட்டில் ஒரு பங்கு, அதிலிருக்கும் தண்ணீரை விரட்டவே போகிறது. வீடு முழுக்கப் புகை, அம்மாவுக்கு ஓயாத இருமல்.

மழைக்குப் பயந்து விறகைச் சுவரோடு ஒட்டி அடுக்கினேன் பாருங்கள், அதுதான் பெரிய தப்பு. கரையான் விறகு வழியாகச் சுவரேறி, ஓட்டைத் தாங்கும் பனைமரச் சட்டங்களான பனங்கைகளில் இரண்டைத் தொட்டுவிட்டது. தட்டினால் ஒரு பக்கம் பொத்தென்று சத்தம் வருகிறது. 2023 டிசம்பர் மழையில் நகர்ந்த ஓடுகள் வேறு அந்த இடத்தில்தான் ஒழுகுகின்றன.

விறகை இப்போது கல் வைத்து, தரையில் படாமல் தனியாக அடுக்கிவிட்டேன். சரி, பனங்கையை மருந்தடித்துக் காப்பாற்றலாமா, மாற்றியே ஆக வேண்டுமா? வைரம் பாய்ந்த பனை எங்கே கிடைக்கும்? புகைபோக்கியை முகட்டுக்கு மேலே உயர்த்தச் சொல்கிறார் கொத்தனார். அப்படிச் செய்தவர்கள் வீட்டில் புகை குறைந்ததா? பழைய ஓடு பிரித்து மேயத் தெரிந்த ஆள் இருந்தாலும் சொல்லுங்கள். கான்கிரீட் போடச் சொல்லாதீர்கள், அப்பா சம்மதிக்க மாட்டார்.