சில்லியில் பீன்ஸ் போடலாமா? ‘மாநில உணவு’ என்று ஒன்று உண்டா?

ராலேவாசி:
ஒவ்வொரு மாநிலத்தின் மேலும் ஒரு சாப்பாட்டுப் படம் ஒட்டிய அமெரிக்க வரைபடம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. டெக்சஸ் மேல் சில்லி (மிளகாய் போட்ட கறிக் குழம்பு), லூசியானா மேல் கம்போ என்ற குழம்பு, மெய்ன் மேல் சிங்கி இறால், வட கரோலினா மேல் பார்பிக்யூ. பன்னிரண்டு வருடமாக வட கரோலினாவில் இருக்கிறேன். ‘வட கரோலினா பார்பிக்யூ’ என்று ஒரே பண்டம் இங்கே கிடையாது. கிழக்கே போனால் முழுப் பன்றியையும் சுட்டு, வினிகரும் மிளகாயும் மட்டும் சேர்த்துப் பிசைவார்கள். மேற்கே லெக்சிங்டன் பக்கம் தோள்பட்டைக் கறி மட்டும்தான். வினிகரில் கொஞ்சம் கெட்சப் விழும். அந்தக் கெட்சப்பைப் பார்த்தாலே கிழக்கத்தியவர்களுக்கு முகம் சுருங்கும். எல்லை தாண்டித் தென் கரோலினாவின் நடுப்பகுதிக்குப் போனால் மஞ்சளாகக் கடுகு சாஸ். அதே மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் மறுபடியும் வினிகர்! கோடு ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம். மாநில உணவு என்பதெல்லாம் சுற்றுலாத் துறைக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

டெக்சஸ்காரன்:
வந்துவிட்டேன். 1977இல் டெக்சஸ் சட்டமன்றம் தீர்மானம் போட்டே சில்லியை மாநில உணவாக அறிவித்தது. மாட்டிறைச்சி, காய்ந்த மிளகாய், சீரகம், பூண்டு. பீன்ஸ் கிடையாது. டெர்லிங்குவா என்ற பாலைவன ஊரில் 1967 முதல் சில்லிப் போட்டி நடக்கிறது. அங்கே பானையில் பீன்ஸ் இருந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இப்போது ஓஹையோவுக்குப் போங்கள். சின்சினாட்டியில் ‘சில்லி’ என்று கேட்டால் பட்டை வாசனையோடு ஒரு கறிச்சாற்றை ஸ்பகெட்டி மேல் ஊற்றி, அதன்மேல் சீஸைத் துருவிக் கொட்டித் தருகிறார்கள். வெங்காயமும் பீன்ஸும் வேண்டுமென்றால் அதையும் மேலே போடுவார்கள். பெயர் ஒன்று, பண்டம் வேறு. மாநிலம் மாறினால் சாப்பாடு மாறுகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ராலேவாசி:
சின்சினாட்டி சில்லியை 1920களில் தொடங்கியவர்கள் மாசிடோனியாவிலிருந்து வந்த குடியேறிகள். அந்தப் பட்டை வாசனை அவர்கள் ஊர் வாசனை. ஓஹையோ என்ற மாநிலத்துக்கு அதில் என்ன பங்கு?

உங்கள் ஊர்க் கதைக்கு வருவோம். சில்லியைப் பேர் வாங்க வைத்தவர்கள் சான் அன்டோனியோ சதுக்கங்களில் இரவு நேரம் அடுப்பு மூட்டி விற்ற மெக்சிக வம்சாவளிப் பெண்கள். ‘சில்லி குவீன்ஸ்’ என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. ரயில் வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் அதைச் சாப்பிடவென்றே வந்தார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ சில்லிக்குத் தனிக் கடை இருந்தது. அப்புறம் 1930களில் சுகாதாரக் காரணம் சொல்லி அந்தப் பெண்களைச் சதுக்கத்திலிருந்து கிளப்பிவிட்டார்கள். நாற்பது வருடம் கழித்து சட்டமன்றம் கிண்ணத்தைத் தூக்கி ‘இது எங்கள் மாநிலத்துடையது’ என்கிறது. சமைத்தவளை விரட்டிவிட்டுச் சமையலுக்கு மாலை போட்டிருக்கிறார்கள்.

டெக்சஸ்காரன்:
விரட்டியது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களும் டெக்சஸ்காரர்கள்தானே? அவர்களில் பலருடைய குடும்பம் டெக்சஸ் என்ற மாநிலம் பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்தது. பட்டம் அவர்களுக்கும்தான் போய்ச் சேருகிறது.

ஆற்றோரம்:
தம்பி ராலேவாசி, ‘எங்கிருந்து வந்தது’ என்று தோண்டிக்கொண்டே போனால் எந்த ஊருக்கும் ஒரு சாப்பாடும் மிஞ்சாது. கம்போவை எடுத்துக்கொள்ளுங்கள். நான் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்த புதிதில் ‘இது என்ன, வெண்டைக்காய் போட்ட மீன் குழம்பா’ என்றுதான் நினைத்தேன். பாதி சரி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த வெண்டைக்காய். பிரெஞ்சில் இன்றும் அதற்குப் பெயர் ‘கோம்போ’. கெட்டியாக்க, மாவைக் கொழுப்பில் கருஞ்சிவப்பாகும்வரை வறுக்கும் ‘ரூ’ பிரெஞ்சுக்காரர்களுடையது (கையை எடுத்தால் கருகிவிடும், அடுப்பை விட்டு நகர முடியாது). வெண்டைக்காய் கிடைக்காத குளிர்காலத்தில் கடைசியாகத் தூவும் ‘ஃபிலே’ பொடி, சாஸஃப்ராஸ் இலையைக் காயவைத்துப் பொடித்தது. அது சாக்டா பழங்குடியினர் கற்றுக்கொடுத்தது. மூன்றும் மூன்று திசை. ஒரே பானையில் விழுந்தது இங்கேதான். 2004இல் மாநிலம் அதைத் தன் உணவாக அறிவித்தது, அறிவிக்காவிட்டாலும் அப்படித்தான்.

ராலேவாசி:
சாம்பாரில் இருக்கும் மிளகாய் எங்கிருந்து வந்தது என்று அடுத்துக் கேட்பீர்கள், தெரியும் அக்கா. ஆனால் உங்கள் கம்போவும் கோட்டுக்குள் அடங்கவில்லையே. நியூ ஆர்லியன்ஸில் கிரியோல் (காலனி காலத்திலிருந்து அங்கே இருக்கும் குடும்பங்கள்) வீடுகளில் தக்காளி போடுகிறார்கள். மேற்கே கேஜன் (கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்களின் வம்சம்) ஊர்களில் போடக் கூடாது. கிழக்கே அலபாமாவின் மொபீல் நகரத்தில் தங்களுக்கும் கம்போ உண்டு என்கிறார்கள். அது மெக்சிகோ வளைகுடாக் கரையின் உணவு.

டெக்சஸ்காரன்:
தக்காளி என்றதும் ஞாபகம் வருகிறது. 1939இல் மெய்ன் சட்டமன்றத்தில் ஒருவர், கிளாம் சௌடர் என்ற சிப்பி சூப்பில் தக்காளி போடுவதே சட்டவிரோதம் என்று மசோதா கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. உணர்ச்சியே இல்லாத இடத்தில் இப்படியெல்லாம் செய்வார்களா?

ராலேவாசி:
வேலை இல்லாத இடத்தில் செய்வார்கள்.

பச்சைமிளகாய்:
நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு குரல். இங்கே ‘மாநிலக் கேள்வி’ என்றே ஒன்று அதிகாரபூர்வமாக உண்டு: ‘சிவப்பா, பச்சையா?’ உணவகத்தில் பரிமாறுபவர் எந்த மிளகாய்ச் சாறு வேண்டும் என்று கேட்பது. இரண்டும் வேண்டுமென்றால் ‘கிறிஸ்துமஸ்’ என்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே செடிதான். காயாகப் பறித்துச் சுட்டால் பச்சை, பழுத்துக் காய்ந்தால் சிவப்பு. ஆகஸ்ட் கடைசியில் கடை வாசல்களில் இரும்புக் கூண்டுகளைச் சுழற்றிச் சுடுவார்கள். அந்த வாசனைக்காகவே இந்த ஊரை விட்டுப் போக மனமில்லை. சுற்றுலாத் துறையால் அந்த வாசனையை உண்டாக்க முடியாது, ராலேவாசி.

நான் சைவம். இங்கே வரும் சைவர்களுக்கு ஒரு வார்த்தை: பச்சை மிளகாய்ச் சாறில் பன்றிக்கறி இருக்கலாம், பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வேகவைத்திருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நான் கேட்காமல் இரண்டு வருடம் சாப்பிட்டேன்.

சும்மாபார்ப்பவன்:
ஜார்ஜியாவையும் தென் கரோலினாக் கரையையும் யாரும் சரியாகத் தொடவில்லை. அங்கே ‘கன்ட்ரி கேப்டன்’ என்று ஒரு கோழிக்கறி இருக்கிறது: கறிப்பொடி, தக்காளி, உலர்திராட்சை, சோற்றோடு. ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸுக்கு வரும்போது ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்குப் பிடித்த பண்டம். இந்தியாவில் ஆங்கிலேயர்கள் புழங்கிய சொற்களுக்காக 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் இதே பெயர் இருக்கிறது. வங்காளத்தில் அது ஒரு வறண்ட கறி, மதராஸில் வெங்காயமும் மசாலாவும் சேர்த்த கோழி என்று எழுதி, மதராஸ் வகைதான் மூலமாக இருக்கலாம் என்கிறது. ஜார்ஜியாவின் பெருமையில் நமக்கும் ஒரு தொடை வரவேண்டும்.

ராலேவாசி:
பார்த்தீர்களா, என் கட்சிக்கு மதராஸே சாட்சி! சரி, லூசியானாவுக்கும் நியூ மெக்சிகோவுக்கும் விட்டுக்கொடுக்கிறேன். அங்கே மண்ணும் ஆட்களும் சேர்ந்து ஒன்றைச் செய்திருக்கிறார்கள். டெக்சஸுக்கு மட்டும் தர மாட்டேன். ‘பீன்ஸ் போடாதே’ என்று விதி எழுதினால் அது சமையல் ஆகிவிடாது.

டெக்சஸ்காரன்:
விதி ருசிக்காகத்தான். பீன்ஸ் விழுந்தால் மிளகாயின் காரம் மங்கிவிடும். பத்து வருடமாகச் சமைக்கிறேன், ஒரு வாயில் கண்டுபிடித்துவிடுவேன்.

டெக்சஸ்காரன்:
(மறுநாள்) ஒரு திருத்தம். இந்த இழையை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் சில்லி நீர்த்துப் போகிறது என்று இரண்டு வருடமாக மனைவி வேகவைத்த ராஜ்மாவை அரைத்து அதில் கலந்துகொண்டிருக்கிறாளாம். போன மாதம் பக்கத்து வீட்டு டெக்சஸ்காரர் வந்து ‘இதுதான் அசல்’ என்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம்.