கின்னோரில் பார்த்த இந்த பைன் மரம் எது? கோத்தகிரியில் வளருமா?

மலைநடை:
போன மாதம் சிம்லாவிலிருந்து இமாச்சலின் கின்னோர் மாவட்டத்தில் இருக்கும் கல்பா போய் வந்தோம். வாங்டு தாண்டியதும் மலை முழுக்க மொட்டைப் பாறை, கீழே சட்லெஜ். மண்ணே இல்லாத அந்தப் பாறை இடுக்குகளில் ஒரு பைன் மரம் தனித்தனியாக நிற்கிறது. பட்டை செதில் செதிலாக உரிந்து, சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக, நம் கொய்யா மரத்தைத் தடவுவது போலவே வழவழப்பு. டிரைவர் ‘நியோசா’ என்றார். ரெக்காங் பியோ கடைவீதியில் அதன் கொட்டை கால் கிலோ வாங்கினேன். கோத்தகிரியில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. விதை போட்டால் வருமா?

சர்வேகாரன்:
அது சில்கோசா பைன். தாவரப் பெயர் பைனஸ் ஜெரார்டியானா. கொய்யாப் பட்டை என்று சொன்னதுமே தெரிந்துவிட்டது. ஊசி இலைகள் மூன்று மூன்றாக இருக்கும். சிம்லா பக்கம் கீழே பார்த்திருப்பீர்களே, சீர் பைன், அதற்கும் மூன்றுதான். ஆனால் அது நீளமாகத் தொங்கும், இது குட்டையாக விறைத்து நிற்கும். ஏறத்தாழ 1,800 முதல் 3,300 மீட்டர் உயரம் வரை, மழை எட்டாத வறண்ட சரிவுகளில் வளரும். நம் நாட்டில் முக்கியமாகக் கின்னோர், அதே இமாச்சலில் சம்பா மாவட்டத்தின் பாங்கி. வெளியே பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் மலைகளிலும் உண்டு.

சுரங்கப்பாதை வேலைக்காக ஆறு வருஷம் பியோ பக்கம் ஒரு கிராமத்தில் குடியிருந்தேன். செப்டம்பர் கடைசியில் ஒருமுறை வீட்டுக்காரர் குடும்பத்தோடு காய் பறிக்கப் போனேன். கூம்பு விரிவதற்கு முன் பச்சையாகவே பறிக்க வேண்டும்; விரிந்துவிட்டால் விதை கொட்டி எலிக்கும் பறவைக்கும் போய்விடும். நீளக் கழியில் கொக்கியைக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறுகிறார்கள். சரிவு எப்படி என்றால், கை தவறிய கூம்பு ஒன்று உருண்டு உருண்டு கண்ணுக்கு மறைகிற வரை நிற்கவேயில்லை. மரத்தின் மேல் இருக்கிற ஆளை நினைத்துப் பாருங்கள். வீட்டு முற்றத்தில் குவித்து வெயிலில் போட்டால் சில நாளில் செதில்கள் விரியும். தட்டினால் ஒவ்வொரு செதிலுக்கு அடியிலிருந்தும் இரண்டு விதை. என் கையெல்லாம் பிசின் ஏறிக் கறுத்துப்போனது. சோப்புக்கு அசையவில்லை. வீட்டம்மா சுல்லி எண்ணெய் (காட்டு ஆப்ரிகாட் பருப்பில் ஆட்டுவது) ஊற்றித் தேய்த்துவிட்டார், போனது.

அன்றைக்குப் பார்த்த ஒன்று மனதிலிருந்து போகவில்லை. கொக்கி போட்டு இழுக்கும்போது கிளையும் சேர்ந்து ஒடிகிறது. ஒடிந்த கிளை நுனியில் சின்னதாக ஒரு பிஞ்சுக் கூம்பு. இந்த மரத்தின் காய் முதிர இரண்டாம் வருஷம் ஆகும். வீட்டுக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “அடுத்த வருஷத்துக் காய்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் சர்வேக்குப் போகும்போதெல்லாம் மரத்தடியில் கன்று தேட ஆரம்பித்தேன். பெரிய மரங்கள் இருக்கும், கன்று இருக்காது. இருக்கிற கூம்பையெல்லாம் பறித்துவிட்டால் எங்கிருந்து முளைக்கும்? முளைத்ததை ஆடு கடித்துவிடும். ஆடு ஏற முடியாத பாறை வெடிப்பில் முழங்கால் உயரத்தில் இரண்டு கன்று பார்த்த நாளில் அவ்வளவு சந்தோஷம். பறிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, குளிர்காலத்துக் காசு அவர்களுக்கு அதுதான். ஆனால் மரத்துக்குப் பத்துக் கூம்பாவது விட்டுவைக்க வேண்டும் என்று அங்கேயும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

கோத்தகிரிக்கு வேண்டாம். அந்த மரத்துக்கு வேண்டியது பனியும் காய்ந்த காற்றும். நீலகிரியின் இரண்டு பருவமழையில் வேர் அழுகிவிடும்.

சோலைக்குருவி:
கொடைக்கானல் பைன் காட்டைப் பார்த்துவிட்டு, நம் மலையில் எந்த பைனும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே நிற்கும் பைன்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. பைனஸ் பட்டுலா மெக்சிகோ மரம். தென்னிந்தியாவுக்கே சொந்தமான ஊசியிலைக் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்றுதான்: நகேயா வாலிச்சியானா. அதற்கு ஊசியே கிடையாது, அகல இலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குள் இருக்கும். கோத்தகிரியில் இடம் இருந்தால் சோலை மரக் கன்றுகளை வையுங்கள்.

மலைநடை:
நன்றி சார். விதை போடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். வாங்கிய கொட்டையை என்ன செய்வது? ஓடு உரிக்கவே வரவில்லை.

சர்வேகாரன்:
வாணலியில் எண்ணெய் விடாமல் லேசாகச் சூடு பண்ணுங்கள், ஓடு நொறுங்கும். அப்புறம் விரலால் அழுத்தினாலே போதும். எண்ணெய்ச் சத்து அதிகம், சீக்கிரம் காறிவிடும். மீதியை ஓட்டோடு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். நான் அங்கிருந்து கிளம்பிய அன்று, வீட்டம்மா இந்தக் கொட்டைகளை ஊசியால் கோத்து மாலையாக என் கழுத்தில் போட்டார். அதை மட்டும் இன்னும் தின்னாமல் வைத்திருக்கிறேன்.